சீறும் உரிமை

எள்ளு வந்த முதல் நான்கு நாட்கள் நான் அவளைச் சரியாகப் பார்க்கவே இல்லை. காலையில் எழுந்தால் தட்டு காலியாக இருக்கும். மணல் தட்டில் சின்னதாகக் குழி தோண்டி மூடியிருக்கும். புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடைவெளியில் டார்ச் அடித்தால் இரண்டு பச்சை வட்டங்கள் மின்னும். கூடவே சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல ஒரு சீறல். நான் தத்தெடுத்த குட்டி அவ்வளவுதான்.

அந்த வாரம் மன்னார்குடியிலிருந்து அம்மா வந்திருந்தார். நான் தரையில் குப்புறப் படுத்து அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வேளாவேளைக்குச் சோறு வைக்கிற. உன்னையே நம்பலைன்னா அது என்ன ஜென்மம்?" என்றார்.

விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சோறு போடுகிறவர்மீது நம்பிக்கை வைத்தே ஆகவேண்டும், வைக்காதது நன்றிகெட்டதனம் என்கிற கணக்கு. நம்மில் பலர் வளர்ந்த வீடுகள் இந்தக் கணக்கில்தான் நடந்தன. "உனக்கு என்ன குறை வச்சேன்?" என்று கேட்டுவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. பராமரிப்பவருக்கு, பராமரிக்கப்படும் உயிரின் நம்பிக்கைமீது உரிமை உண்டா? இந்தக் கேள்வியோடு ஏழெட்டு மாதங்கள் தரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எள்ளு பெங்கால் இனத்தைச் சேர்ந்தவள். யாரோ ஆசைப்பட்டு விலை கொடுத்து வாங்கி, ஒளிந்துகொண்டே இருக்கிறது, எடுத்தால் கடிக்கிறது என்று சில வாரங்களில் வேண்டாமென்று விட்ட குட்டி. தெரு விலங்குகளுக்கு வீடு தேடித்தரும் ஒரு பெண் வழியாக, நான்கு மாத வயதில் வேளச்சேரியில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். உடம்பெல்லாம் எள்ளை வாரித் தெளித்ததுபோலப் புள்ளிகள்.

பெங்கால் என்பது சிறுத்தைப்பூனையையும் வீட்டுப்பூனையையும் கலந்து உருவாக்கிய இனம். சிறுத்தைப்பூனை நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. அதன் அறிவியல் பெயரில் உள்ள வங்கத்தின் பெயர்தான் இந்த இனத்துக்கும் வந்தது. அமெரிக்காவில் ஜீன் மில் என்ற பெண் 1963இல் முதல் கலப்பைச் செய்தார். எண்பதுகளில் அதைத் தனி இனமாகவே வளர்த்தெடுத்தார். 1982இல் டெல்லி விலங்குக் காட்சிசாலைப் பக்கம் திரிந்த புள்ளிபோட்ட நாட்டுப்பூனை ஒன்றையும் அவர் கொண்டுபோய் அந்த வம்சத்தில் சேர்த்தார். முதல் சில தலைமுறைகளில் ஆண் குட்டிகள் பெரும்பாலும் மலடாகவே பிறக்கும். எனவே அந்தத் தலைமுறைகளைத் தாண்டி இந்த இனம் வந்ததே பெண் குட்டிகளின் வயிற்றின் வழியாகத்தான். காட்டின் அழகு வேண்டும், காட்டின் அச்சம் வேண்டாம் என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததன் கடைசிக் கண்ணி, என் அலமாரிக்குப் பின்னால் சீறிக்கொண்டிருந்தது.

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: "காட்டு ரத்தம், அப்படித்தான் இருக்கும்." எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே உறுத்தும். பெண்களைப் பற்றியும் சாதிகளைப் பற்றியும் இதே தொனியில் எத்தனை தீர்ப்புகளைக் கேட்டிருக்கிறோம்! பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. தைரியமான தகப்பனுக்குப் பிறந்த குட்டிகள், அந்தத் தகப்பனைப் பார்க்காமலே வளர்ந்தாலும், தைரியமாக இருப்பதைச் சாண்ட்ரா மெக்கூன் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சிறுவயதில் மனிதக் கைகள் பழகியிருந்தால் குட்டி மனிதர்களோடு ஒட்டுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரைதான் அந்தப் பழக்கத்துக்கு உகந்த காலம் என்று எண்பதுகளில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. எள்ளு அந்த வாரங்களை எங்கே, யார் கையில், எந்தக் கூண்டில் கழித்தாள் என்று எனக்குத் தெரியாது. ரத்தத்தைக் காரணம் சொல்லிவிட்டால் அந்தக் கைகளையும் கூண்டையும் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் பதில் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

பயந்த குட்டியைப் பழக்குவதில் மந்திரம் எதுவும் இல்லை. வீடு முழுவதையும் திறந்துவிடாமல் ஒரு சின்ன அறையை மட்டும் கொடுக்க வேண்டும். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி, ஏறி உட்கார உயரமான இடம், சாப்பாட்டிலிருந்து தள்ளி மணல் தட்டு. என் பழைய நூல் சேலை ஒன்றை மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். நான் வருவதற்குமுன் என் வாசனை அவளுக்குப் பழகட்டும் என்று. தினமும் மாலை ஒரு மணி நேரம் அவளுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து எதையாவது சத்தமாகப் படித்தேன். வேகவைத்த கோழித் துண்டை முதல் நாள் ஆறடி தள்ளி வைத்தேன், அடுத்த வாரம் ஐந்தடி. நேருக்கு நேர் உற்றுப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண்ணை மெல்ல மூடித் திறக்க வேண்டும். மனிதர்கள் அப்படிச் செய்தால் பூனைகளும் பதிலுக்குச் செய்கின்றன, அறிமுகமில்லாதவரின் கையைக்கூட நெருங்கி வருகின்றன என்று 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விதி: ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து அவளை ஒருபோதும் இழுக்கக் கூடாது.

பதினோராம் நாள் அந்த விதியை மீறினேன். அலுவலகத் தோழி வந்திருந்தாள். "எங்கேடி உன் சிறுத்தை?" என்று கேட்டாள். நானும் பெருமையில் பெட்டிக்குள் கையை விட்டு எள்ளுவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கடிக்கவில்லை, சீறவில்லை. காதுகளைத் தலையோடு ஒட்டவைத்துக்கொண்டு கல்லாகிக் கிடந்தாள். "எவ்ளோ சமத்தா இருக்கு பார்!" என்றாள் தோழி. கீழே விட்டதும் அலமாரிக்குப் பின்னால் ஓடியவள் அன்று இரவும் மறுநாளும் சாப்பிடவில்லை. கோழித் துண்டு மறுபடி ஆறடிக்குப் போனது.

'சமத்து' என்ற சொல் அன்றிலிருந்து எனக்குக் கசக்கிறது. தப்பிக்க வழியில்லாத விலங்கு போராடுவதை நிறுத்திவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது அமைதிபோலத் தெரியும். சின்ன வயதில் வீட்டுக்கு வந்த பெரியவர்கள் மடியில் உட்காரவைக்கப்பட்டு, "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று சொல்லப்பட்ட பெண் குழந்தைகள் எல்லோருக்கும் அந்த அமைதி உள்ளேயிருந்து தெரியும். நானும் சமத்தாகத்தான் இருந்தேன்.

இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் கல்யாணம் ஆகி வந்தப்ப நெல்லு மூட்டை அடுக்கின ரூம்லதான் போய் உட்கார்ந்திருப்பேன். பத்தொன்பது வயசு. நாலு நாள்ல சரியாயிடும்னு உங்க பாட்டி எல்லார்கிட்டயும் சொன்னாங்க. ஆயிடுச்சு" என்றார்.

"எப்படிம்மா சரியாச்சு?"

"எப்படின்னா? வேற எங்க போறது?"

அம்மாவின் அந்த மூன்று சொற்களில்தான் நான் தேடிய வேறுபாடு இருந்தது. அடங்குவதும் நம்புவதும் வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டிலும் ஓட்டம் நின்றுவிடும், சத்தம் அடங்கிவிடும். ஆனால் அடங்கியவரால் அதன்பிறகு மறுக்க முடியாது; நம்புகிறவரால் எப்போது வேண்டுமானாலும் மறுக்க முடியும். சீறுவதற்கான உரிமை எஞ்சியிருக்கிறதா என்பதுதான் சோதனை. சீறும் பூனையைத் தட்டி அடக்கினால் அதன் பயம் குறையாது, எச்சரிக்கும் பழக்கம்தான் போகும். அடுத்தமுறை நேராகக் கடிக்கும், இல்லையென்றால் கல்லாகும். எள்ளு என்னைப் பார்த்துச் சீறுவதை நன்றிகெட்டதனம் என்று நினைப்பதை அன்றோடு விட்டேன். அவள் என்னிடம் முதன்முதலாகப் பேசிய பேச்சு அது.

ஆனால் இவ்வளவு சொல்லிவிட்டு என்னை நானே நல்லவளாக்கிக்கொண்டு நகர முடியாது. என் பொறுமைக்குப் பின்னால் பூட்டிய கதவு இருக்கிறது. எள்ளுவுக்கும் வேறு எங்கே போவது? கோழித் துண்டை ஒவ்வோர் அடியாக நகர்த்தியது அன்பா, தூண்டிலா?

தத்துவ அறிஞர் ஆனெட் பேயர் 1986இல் நம்பிக்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சம பலமுள்ளவர்கள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தையே அறத்தின் மாதிரியாக வைத்து யோசித்த ஆண் தத்துவவாதிகள், கைக்குழந்தை தாயிடம் வைக்கும் நம்பிக்கையை மறந்துபோனார்கள் என்பது அவர் வாதங்களில் ஒன்று. பலமற்றவரின் நம்பிக்கையை எடைபோட அவர் ஒரு வழியும் சொன்னார். இந்த உறவு எதன்மேல் நிற்கிறது என்பது இருவருக்கும் முழுதாகத் தெரியவந்தாலும் அந்த நம்பிக்கை நிற்குமா? ஒருவரின் அறியாமையாலோ பயத்தாலோ மட்டுமே நிற்கிறதென்றால் அது அழுகிய நம்பிக்கை.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது எள்ளுவின் ஏழாம் மாதத்தில். அவளுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. பெண் உடல்மேல் பெண்ணுக்கே உரிமை என்று மேடையிலும் வகுப்பறையிலும் பேசுகிறவள் நான். அதற்குள் என் மடியருகே வரப் பழகியிருந்த எள்ளுவை, அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தியே துண்டில் சுற்றி, கூண்டுப்பெட்டியில் வைத்து, அவள் கருப்பையை எடுக்கக் கொண்டுபோனேன். கால்நடை மருத்துவர் சொன்ன காரணங்கள் எல்லாம் சரி. தெருவில் குட்டிகள் சாவதை நானே பார்த்திருக்கிறேன். இன்று கேட்டாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன். ஆனால் அவள் சம்மதித்தாள் என்று மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டேன். "உன் நல்லதுக்குத்தான்" என்ற வாக்கியத்தை நம்மிடம் சொன்னவர்கள் எல்லோரும், அதைச் சொல்லிவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தார்கள். தீராது. வற்புறுத்தல் தவிர்க்க முடியாததாக இருந்தாலும் அதன் பெயர் வற்புறுத்தல்தான். அதனால் உடைந்ததை மறுபடி கட்டும் வேலை, உடைத்தவருடையது. வீடு திரும்பியதும் எள்ளு அலமாரிக்குப் பின்னால் போனாள். நான் ஆறடி தள்ளி, முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெண்ணை மிரண்ட குட்டியாகவும், அவளை மெல்ல மெல்லப் பழக்குபவனைப் பொறுமைசாலியாகவும் காட்டும் கதைகள் நம் சினிமாவில் ஏராளம். 'வேண்டாம்' என்றவளின் பின்னால் மூன்று மணி நேரம் சுற்றினால் அது காதலாகிவிடுகிறது அங்கே. நான் சொல்வது அதன் நேர் எதிர். எள்ளுவிடம் கேட்க எனக்கு மொழி இல்லை. அவள் காதையும் வாலையும் பார்த்து ஊகிக்கத்தான் முடியும். மனிதர்களிடம் கேட்கலாம், அவர்கள் பதில் சொல்வார்கள். மொழியில்லாத உயிரிடமே மறுப்பைப் படிக்க முடிகிறதென்றால், வாய்திறந்து சொல்லும் மறுப்பு புரியவில்லை என்பவர்களுக்கு எந்தச் சாக்கும் மிச்சமில்லை.

அம்மா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: சோறு போடுவது கடமை. அது நம்பிக்கையை வாங்கும் விலையாகாது. யாருக்குப் பலம் அதிகமோ அவர்தான் தன்னை நிரூபிக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு நாளும். எதிராளி நிரூபணத்தை ஏற்காமல் போகலாம் என்று தெரிந்தே.

தீபாவளிக்கு அம்மா வந்திருந்தார். முட்டிவலியோடு சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்து மருதாணி இலை ஆய்ந்துகொண்டிருந்தார். எள்ளு கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து, அவர் சேலை முந்தானையை மோந்தாள். பிறகு விரல்களை. நான் மூச்சுக்கூட விடவில்லை. அம்மா கையை நீட்டவில்லை, கூப்பிடவில்லை, இலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். எள்ளு அவர் பாதத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

"போறா பாரு" என்றேன்.

"போகட்டும்" என்றார் அம்மா. "அவளுக்குத் தோணுறப்ப வரட்டும்."