திருப்பிக் காட்டச் சொல்!

"ரெண்டும் பொண்ணுதான் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். அட்டைப்பெட்டியில் ஆறு ஓட்டை குத்தி, சணல் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். பத்து வாரம் கழித்து ஒரு காலையில் பார்க்கிறேன், கூண்டில் இரண்டு இருந்த இடத்தில் ஐந்து! உடம்பு முழுக்க ரோமம், விழித்த கண், பிறந்த மறுநாளே அம்மாவின் கொத்தமல்லித் தண்டைக் கடித்துப் பார்க்கும் துடிப்பு. மூன்று கினிப்பன்றிக் குட்டிகள்.

கடைக்காரரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். கோபம் ஆறியபின் உண்மை சுட்டது. கையில் வாங்கித் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் போதும். கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை. 'முதல் தடவை வாங்குகிறோம், நமக்கென்ன தெரியும்' என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை உன்னிடமிருந்து பிடுங்கி எறியத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை என்பது குற்றமா? தெரியாது என்று கேட்கிறவன் ஒருபோதும் ஏமாளி இல்லை, தெரிந்தமாதிரி தலையாட்டினேனே, நான்தான் ஏமாளி. கேள்! கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேள்! மார்புக்கு அடியில் ஒரு கை, பின்பக்கத்துக்கு ஒரு கை கொடுத்துப் பிடி. பெண் என்றால் அடியில் உண்டிவில் கவட்டை போல ஒரு பிளவு தெரியும். ஆண் என்றால் ஒரு பொட்டு. அதற்குச் சற்று மேலே விரலால் மெல்ல அழுத்தினால் உறுப்பு எட்டிப் பார்க்கும். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம். சந்தேகம் தீரவில்லையா? கால்நடை மருத்துவரிடம் போ. அங்கேயும் கூசாதே.

"ஒண்ணு போதுமே, ரெண்டு எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். அசையாதே. ஆண்டிஸ் மலைநாட்டில் கூட்டமாய் வாழ்ந்த உயிரினத்தின் வாரிசு இது. நாம் எவ்வளவு கொஞ்சினாலும் இன்னொரு கினிப்பன்றியின் மொழி நமக்கு வராது. சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விதிப்படி, இதைத் தனியாக வளர்க்கவே கூடாது. துணைக்கு ஒரு முயலை விடலாமே என்பார்கள். அதன் ஓர் உதை போதும், இதன் எலும்பு முறிந்துவிடும். வேண்டாம்.

யாரோடு யார்? இரண்டு பெண்கள் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். சின்னதிலிருந்தே சேர்ந்து வளர்ந்த இரண்டு ஆண்களும் ஒத்துப்போவார்கள், இடம் தாராளமாக இருந்து, பெண் வாடையே வராமல் இருந்தால். மூன்று ஆண்கள் என்றால் சண்டைக்கு நீயே பந்தல் போட்டதாக அர்த்தம். ஆணும் பெண்ணும் வேண்டுமென்றால் ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்து, ஆறு வாரம் தள்ளி வைத்துச் சேர். இந்தச் சிறிய பிராணிக்கு அறுவை செய்து பழகிய மருத்துவரா என்பதை நேராகவே கேட்டுவிடு. ஏன் இத்தனை கறார் என்கிறாயா? குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினை பிடிக்கும். ஆண்குட்டி மூன்று வாரத்திலேயே அப்பாவாகும் பக்குவத்துக்கு வந்துவிடும். இதை எங்கள் வீட்டில் ஒரே நாளில் படித்தேன், தகப்பனைத் துணிக்கூடையில் போட்டுப் பக்கத்து அறைக்கு ஓடியபடி.

நிறம் பார்த்து மயங்காதே, குணம் பார். கடையில் கால்மணி நேரம் சும்மா நில். எது முதலில் தீனிக்கு ஓடுகிறது, எது மூலையில் ஒண்டுகிறது என்று கவனி. முரட்டுக்கு முரடு சேராது. துணிச்சலானது ஒன்று, சாது ஒன்று என்றால் நல்லது. ஏற்கெனவே ஒட்டிப் படுத்திருக்கும் ஜோடி இருந்தால் பிரிக்காமல் இரண்டையும் தூக்கிக்கொண்டு வா!

வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை என்றால், இரண்டு மூன்று வாரம் தனித்தனியாக வைத்து நோய் இல்லை என்று தெரிந்தபின் முதல் சந்திப்பை நடத்து. உன் தைரியத்துக்கு அங்கேதான் சோதனை. இரண்டுக்கும் பழகாத தரையில், நடுவே காய்ந்த புல்லை மலையாய்க் குவி. ஒன்று இடுப்பை ஆட்டி ஆட்டி, மோட்டார் உறுமுவதுபோல் சத்தம் போடும். துரத்தும். மேலே ஏறும். உன் நெஞ்சு படபடக்கும். கை நீட்டாதே! யார் பெரியவர் என்று அவை பேசி முடிக்கட்டும். பல்லை நறநறவென்று கடித்தால் உஷாராகு. இரண்டும் எதிரெதிரே எழும்பிப் பாய்ந்தால், ரத்தம் கண்டால், உடனே பிரி; வெறுங்கையால் அல்ல, தடித்த துண்டைப் போட்டு. மற்றபடி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பயந்து பிரித்தால், பஞ்சாயத்து தினமும் முதலிலிருந்து தொடங்கும்.

கூண்டு குறைந்தது 7.5 சதுர அடி, ஆண்களுக்கு இன்னும் பெரிது. தண்ணீர்ப் புட்டி இரண்டு, தீனித் தட்டு இரண்டு, ஒளியும் வீடு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். தீனிக்கு வைக்கோல் அல்ல, காய்ந்த புல். வைட்டமின் சி-க்குத் தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், ஏனென்றால் நம்மைப்போல் அதன் உடம்பும் அதைத் தானே தயாரிக்காது. சித்திரை வெயிலில் மொட்டைமாடிப் பக்கமே கொண்டுபோகாதே.

நாளைக்குக் கடைக்குப் போகிறாய். "ரெண்டும் பொண்ணுதான்" என்பார். பெட்டியில் கை வைக்குமுன் நிமிர்ந்து நில். "ஒரு நிமிஷம்ணே, திருப்பிக் காட்டுங்க."