வழியில் நிற்றல்

வேளாங்கண்ணிப் பெருவிழா ஆகஸ்டு 29-இல் கொடியேற்றத்துடன் தொடங்கி, செப்டம்பர் 8-இல் நிறைவுறுகிறது. சென்னையிலிருந்து காவியுடுத்தி, 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே செல்வோர் பலர். ஆர்.கே.பேட்டையில் வேன் ஏறும் நாமோ உறக்கத்திலேயே போய்ச் சேர்கிறோம். அங்ஙனமாயின், நடப்பவர் மட்டுமே திருப்பயணியர் ஆவரோ?

நடையோ ஊர்தியோ இதனை முடிவு செய்வதில்லை. லூக்கா நற்செய்தியில், எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவரை விட்டு விலகிச் சென்றவர் ஒரு குரு. அவர் எருசலேமை நோக்கி ஏறிச் செல்லவில்லை, இறங்கி வந்துகொண்டிருந்தார். வழிபாட்டிற்கு நேரமாயிற்று என்னும் சாக்கும் அவருக்கில்லை. கிளைப்பங்கில் திருப்பலி முடித்துத் திரும்புகையில், திருத்தணிச் சாலையோரம் கைகாட்டிய மூதாட்டியை ஒருமுறை கடந்து சென்ற நம்மை இவ்வுவமை இன்றும் சுடுகிறது.

சமாரியரும் பயணியே. காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்து, சாவடியில் சேர்த்து, மறுநாள் இரு தெனாரியம் கொடுத்துவிட்டுத் தம் வழியே சென்றார். பயணத்தை அவர் கைவிடவில்லை. அது தாமதமாக இசைந்தார்.

நம் ஊர்த் தறியில் நாடா ஓயாது ஓடுகிறது. ஓடும் வழியெல்லாம் ஊடையை விட்டுச் செல்வதாலன்றோ துணி வளர்கிறது! அடுத்த முறை புறப்படுகையில், வழியில் நிற்பதற்கும் சற்று நேரம் ஒதுக்குவோமாக.