குளத்தங்கரையிற் கிடந்தவன்

அருளப்பர் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு நோயாளியைக் காண்கிறோம். 38 ஆண்டுகளாய்ப் பிணியுற்றவன். குணமாக விருப்பமா என்று ஆண்டவர் கேட்கிறார். அவனோ ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும் வேளையில் தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்றும், தான் போய்ச் சேருமுன் வேறொருவன் முந்திக்கொள்கிறான் என்றும் முறையிடுகிறான். பிரசங்கங்களில் நாம் பெரும்பாலும் இந்த மறுமொழியை விசுவாசக் குறைவென்று விளக்கிவிட்டு அப்பாற் போய்விடுகிறோம். இதை எழுதுபவனும் அப்படி விளக்கியவன்தான். ஆனால் படுவான்கரைத் தாய் ஒருவர் தமது கிளினிக் கொப்பியைக் காட்டி, "சுவாமி, மருந்து சும்மாதான் தாறாங்க. போய்வாறதுக்குத்தான் காசில்ல" என்று சொன்ன நாளிலிருந்து, அந்த மறுமொழி எமது காதில் வேறுவிதமாக விழுகின்றது. அவன் குளத்தைக் குறை கூறவில்லை. குளத்துக்கும் தனக்கும் இடையே இருந்த சில அடி தூரத்தைப் பற்றியே பேசினான்.

நமது நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் 1951ஆம் ஆண்டு கட்டணங்கள் நீக்கப்பட்டன. பின்னர் 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் ஏற்பாடு வந்தது. இருபத்தைந்து சதம்தானே என்று அன்று பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அக்கட்டணம் கைவிடப்பட்டது. வாசலில் வாங்கிய 25 சதம் ஏழையைத் தடுக்கிறது என்று கண்டுகொண்ட நாம், அவன் வாசலுக்கு வருமுன்னரே வீதியிற் செலவழிக்கும் காசைக் கணக்கில் எடுப்பதில்லை. பஸ் கட்டணம், கூட வருபவரின் கட்டணம், பஸ் இல்லாத வேளையில் ஓட்டோக் கூலி, இழந்துபோன ஒருநாட் சம்பளம்: இவையெல்லாம் இலவச வைத்தியத்தின் விலையே.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமாகக் கிடக்கின்றது. கடலோரமாகிய எழுவான்கரையில் நகரம், பெரிய வீதி, போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை. மேற்கே படுவான்கரையில் வயல், மேய்ச்சல் நிலம், குளம். மகிழடித்தீவு போன்ற இடங்களில் வைத்தியசாலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் விசேட வைத்தியரைக் காணவேண்டுமானால் வாவியைக் கடந்தே ஆகவேண்டும். பாலங்களோ வலையிறவு, பட்டிருப்பு என்று விரல்விட்டு எண்ணத்தக்கவை. மண்முனையில் 2014 வரை பாலமே இல்லை. நாம் 'பாதை' என்றழைக்கும் மிதவையிலேதான் மனிதரும் மோட்டார் சைக்கிளும் கடந்தன. வெளியூரார் இச்சொல்லைக் கேட்டுத் திகைப்பார்கள். வழிக்குரிய சொல்லையே நாம் மிதவைக்கு இட்டுக்கொண்டோம். இரவிற் பிரசவவேதனை கண்ட பெண்ணுக்கு அந்தப் பாதை ஓய்ந்திருந்தால், சுற்றுவழி மட்டுமே மிச்சம். ஜப்பானிய உதவியுடன் பாலம் வந்தது. அதை வியாபாரத்துக்கும் போக்குவரத்துக்குமான பாலம் என்று எழுதினார்கள். எமக்கு அது முதலில் நோயாளியின் பாலம்.

பாலம் வந்தால் போதுமா? மாரியில் வெல்லாவெளிப் பக்கமும், வடக்கே கிரான் புலிபாய்ந்தகல் வீதியும் நீருள் மூழ்கும்போது படகே துணை. கோடையிலும் விடியுமுன் முதல் பஸ்ஸுக்கு நடப்பவருக்கு யானைப் பயம். கிளினிக் காலையில் தொடங்குகிறது. பிந்தி வருபவர் வரிசையின் கடைசியில் நின்று, மருந்து எடுக்கும்போது கடைசி பஸ் போய்விட்டிருக்கும். பஸ் நேரத்தை வகுப்பவரும் கிளினிக் நேரத்தை வகுப்பவரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசினால், பணச் செலவின்றியே பாதித் துன்பம் தீரும் என்பது எமது எண்ணம்.

தாய்மார் மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்னும் இருவர் 1994இல் மூன்று தாமதங்களை எடுத்துக்காட்டினர்: போவோமா என்று தீர்மானிப்பதிலுள்ள தாமதம், போய்ச்சேர்வதிலுள்ள தாமதம், சேர்ந்தபின் கவனிக்கப்படுவதிலுள்ள தாமதம். இவற்றுள் இரண்டாவது முதலாவதைப் பெற்றெடுக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது. வழி கடினம் என்று தெரிந்தவர், "நாளைக்குப் பார்ப்போம்" என்கிறார். அதைக் கேட்டு நாம் அவரை அறியாமை உள்ளவர் என்கிறோம்!

அவசர வேளைக்கு 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கும் இலவச அம்புலன்ஸ் சேவை, இந்திய உதவியுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. நன்றியோடு சொல்லவேண்டிய காரியம். ஆனால் மாதாமாதம் நீரிழிவுக்கு மருந்தெடுப்பவருக்கும், வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவருக்கும் அது உரியதன்று. குணமாகி வீடு திரும்புகிறவரையும் அது ஏற்றாது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தருமமா, நீதியா? தருமம் என்றால், செய்தவருக்குப் புண்ணியம். செய்யாதவரை யாரும் கேட்கமுடியாது. நீதி என்றால், கிடைக்காதவன் கேட்கலாம். அருளப்பர் என்ற பெயரையே தாங்கிய பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963இல் வெளியிட்ட 'பாச்செம் இன் தெர்ரிஸ்' என்னும் சுற்றுமடலில் வைத்தியப் பராமரிப்பை மனிதனின் உரிமைகளுள் ஒன்றாக வைக்கிறார். ஓர் உரிமையை ஒப்புக்கொண்டுவிட்டு, அதை அடையும் வழியை மட்டும் மற்றவரின் இரக்கத்துக்கு விட்டுவிட முடியுமோ? சிலர், நாலு பேருக்காக நட்டத்தில் பஸ் ஓட்டுவது எப்படி என்று கேட்பர். நியாயமான கேள்வி, பொதுப்பணத்தை வீணாக்குவதும் அநீதியே. பெரிய பஸ் வேண்டாம், கிளினிக் நாட்களில் மட்டும் ஒரு சிறிய வண்டி போதும் எனலாம். ஆனால் அந்த நட்டக் கணக்கில் வீட்டிலேயே கிடந்துவிட்டவரின் பெயர் இல்லை. அவர் டிக்கட் வாங்காதவர், ஆகவே இல்லாதவர்.

அதற்காகத் தருமம் தேவையில்லை என்று சொல்லவரவில்லை. நல்ல சமாரியன் காயப்பட்டவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றினான் என்கிறது நற்செய்தி. அப்படியானால் சத்திரம் வரையும் அவன் நடந்தே போயிருப்பான். ஞாயிறு பூசைக்குக் காரிலும் வானிலும் வரும் நம் குடும்பங்கள், மாதத்தில் ஒருநாள் காலை ஓர் ஆசனத்தை அயல்வீட்டு நோயாளிக்கு ஒதுக்கினால் எத்தனை பேர் போய்வரலாம்! அயலவர் கத்தோலிக்கரா, சைவரா, இஸ்லாமியரா என்று அந்தச் சமாரியனும் கேட்கவில்லை.

வாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகிய நாடுகளில் 2008இல் பெரும்பாலான அரச வைத்தியசாலைகளில் வாகனத் தரிப்புக் கட்டணத்தை நீக்கினார்கள். நமது தொல்லை வேறுவிதம். இங்கே காசைவிட இடமே நெருக்கடி. கப்பர்நாகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வர் வாசற் கூட்டத்தால் உள்ளே போகமுடியாமற் கூரையைப் பிரித்தார்கள். வாசலை அடைத்து நின்றவர்கள் கெட்டவர்களல்லர். உபதேசம் கேட்க வந்த பக்திமான்கள்.

சில ஆண்டுகளின் முன் நாமும் அப்படி ஒரு வாசலை அடைத்தோம். நோயில்பூசுதல் கொடுக்க அவசரமாய் அழைத்திருந்தார்கள். ஒரு வைத்தியசாலை வாயிலருகே வண்டியை நிறுத்தி, குருவானவரின் வண்டி என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்ற துணிவில் உள்ளே போனோம். யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை. திரும்பி வந்தபோது, எமது வண்டிக்கு அப்பால் ஓர் ஓட்டோ நின்றது. அதிலிருந்த முதியவரை அவருடைய இரு மகன்மாரும் வெயிலில் தூக்கிக்கொண்டு, வண்டியைச் சுற்றி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். மூத்தவர் எம்மைக் கண்டதும், கை ஓய்வில்லாததால், தலையைத் தாழ்த்தி வணக்கம் சொன்னார்.