விகிதம்

தேர்வு என்றால் எதையோ பெறுவது என்றே பேசிப் பழகியிருக்கிறோம். எதை விடுவது என்ற கேள்வி பின்னால்தான் வருகிறது, பெரும்பாலும் வருவதேயில்லை. அதைத் தட்டிக்கழிக்க முடியாத இடம் ஒன்று காரின் பின் அச்சில் இருக்கிறது.

1969-ம் வருஷத்து ஷெவர்லே கமாரோவை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையில் பினியன். அது கிரௌன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனுக்கு 10 பல், கிரௌனுக்கு 41 பல் என்றால் விகிதம் 4.10. அதே வண்டிக்கு 3.08-உம் உண்டு. 4.10-இல் சக்கரத்தைச் சேரும் முறுக்கு விசை மூன்றில் ஒரு பங்கு அதிகம். நின்ற இடத்திலிருந்து வண்டி பாய்கிறது. ஆனால் 26 அங்குல டயரோடு, நாலாவது கியரில், 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 3300 தடவை சுற்றியாக வேண்டும். 3.08-இல் 2475 போதும். இரைச்சலும் பெட்ரோலும் இந்த வித்தியாசத்துக்கு விலை. விகிதம் சக்தியை உண்டாக்குவதில்லை. விசையைப் பெற வேகத்தை விட்டுக்கொடுக்கிறது.

விசையைப் பின் சக்கரங்களுக்குப் பங்கிடும் டிஃபரன்ஷியலிலும் இதே சங்கடம். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் சமமாகவே கொடுக்கும். ஒன்று மணலில் வழுக்கினால், அது ஏற்கும் சொற்ப விசைதான் தார் ரோட்டில் நிற்கும் மற்றதற்கும். இரண்டையும் பூட்டிவிட்டால் வேகம் சமமாகிறது. ஆனால் வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டியிருப்பதால் டயர் தேய்கிறது. சமத்துவம் இரண்டு விதமாகவும் யாரையாவது தண்டிக்கிறது. கிளட்ச் தகடுகள் வைத்த நடுவழியும் இருக்கிறது. அங்கே தகடுகள் தேயும்.

கால் மைல் பந்தயத்தின் பதினைந்து வினாடிக்காக 4.10 வைத்துக்கொண்டு, வருஷம் முழுவதும் ஆபீஸுக்கு அதிலேயே போகிறவனை அசடு என்பார்கள் அனுபவஸ்தர்கள். எப்படி ஓட்டுகிறாய் என்பதை முதலில் உண்மையாகச் சொல், பிறகு விகிதம் கேள் என்பது அவர்கள் போதனை. நியாயம்தான். ஆனால் நேற்றுவரை ஓட்டியது மட்டும்தானா நான்? பதினைந்து வினாடிக்காக மற்ற நாட்களின் இரைச்சலைத் தெரிந்தே ஏற்றவன் தன்னிடம் பொய் சொல்லவில்லை. 4.10-ஐப் பொருத்திவிட்டு இரைச்சலைப் பற்றிப் புகார் செய்கிறவன்தான் சொல்கிறான்.

முந்நூறு பேர் படிக்கும் பத்திரிகையில் எழுதிக்கொண்டு, யாரும் படிப்பதில்லையே என்று நாம் புலம்புவதும் இந்த ரகம்தான்.