விசாகப்பட்டினம்: பெயரும் பொருளும்

ஓர் ஊரின் பெயருக்குச் சமயங்கள் பல உரிமை கூறும்போது, அவற்றுள் எது மெய் என்னும் வினா வரலாற்றோடு நின்றுவிடாமல், சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்னும் தத்துவ வினாவாகவும் விரிகிறது. ஆந்திரக் கடற்கரையின் பெருந்துறைமுகமான விசாகப்பட்டினம் இதற்குத் தக்க சான்றாகும்.

காசி யாத்திரை சென்ற ஆந்திர மன்னன் ஒருவன் இக்கரையில் தங்கித் தன் குலதெய்வமான விசாகேசுவரருக்குக் கோயில் எடுத்தான் என்றும், பின்னர் அதனைக் கடல் கொண்டது என்றும் செவிவழி மரபு கூறுகிறது. விசாகன் என்பது முருகனுக்கும் உரிய பெயராதலால், வைகாசி விசாகம் கொண்டாடும் தமிழருக்கு இப்பெயர் அயலானதன்று. அருகிலுள்ள தொட்லகொண்டா, பாவிகொண்டா குன்றுகளில் விகாரைகளின், அதாவது பௌத்தத் துறவியர் மடங்களின், சிதைவுகள் இருத்தலால், புத்தரின் அடியவளான விசாகையின் பெயரே ஊருக்கு வந்தது என்பாரும் உளர். இசாக் மதீனா என்னும் சூஃபிப் பெரியாரோடு இணைத்து இசாக்கப்பட்டினம் என்பாரும் உண்டு.

சோழர் காலக் கல்வெட்டுகளோ இவ்வூருக்குக் குலோத்துங்கசோழப்பட்டினம் என்னும் மறுபெயரைத் தருவதுடன், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் பெயரால் அமைந்த பெரும்பள்ளி ஒன்றையும் சுட்டுகின்றன. பள்ளி என்பது சமண, பௌத்த உறைவிடங்களுக்கும் இசுலாமியர் தொழுமிடத்துக்கும் வழங்கிய சொல்லாதலால், அப்பள்ளி எச்சமயத்தது என்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர்.

வேத விதிகளை ஆராயும் மீமாம்சை, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயற்கையானது என்கிறது. தருக்க நெறியாகிய நியாயம், அவ்வுறவு 'இச்சொல்லுக்கு இப்பொருள்' என்னும் ஏற்பாட்டால் அமைந்தது என்கிறது. மாந்தர் இட்டு வழங்கும் ஊர்ப்பெயர்களுக்கு நியாயத்தின் கொள்கையே பொருந்துகிறது. ஏனெனில் பேரரசன் பெயரால் அமைந்த மறுபெயர் வழக்கொழிய, மக்கள் நாவில் வழங்கிய பெயரே நிலைத்தது. அவ்வழக்கில் பங்குகொண்ட ஒவ்வொரு சமயமும் தன் நினைவை அப்பெயரில் ஏற்றியதால், பொருள்கள் பலவாயின.

1933இல் திறக்கப்பெற்ற துறைமுகத்தின் வாயிலருகே மூன்று குன்றுகளில் வேங்கடேசுவரர் கோயிலும், மாதா கோயிலும், இசாக் மதீனா தர்காவும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவ்வாயில் வழியே கடலுக்குச் செல்லும் கலங்கள் அம்மூன்றையும் கண்டே செல்கின்றன. ஊர்ப்பெயரில் தன் தெய்வத்தையோ அடியாரையோ காண்பது பக்தி. பிறர் காண்பதைப் பொய்யென விலக்குவது பக்தியும் ஆகாது, ஆராய்ச்சியும் ஆகாது.