கடிதம் இல்லாத உறை

அஞ்சல்தலை சேகரிப்பவர்கள் முதல்நாள் உறையில் தலையையும் முத்திரையையும் பார்ப்பார்கள். உள்ளே பெரும்பாலும் கடிதம் இருக்காது.

2012இல் பிரிட்டன் ஆலன் டூரிங்குக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. படத்தில் இருப்பது அவர் முகமல்ல. ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க உதவிய 'பாம்ப்' என்னும் இயந்திரம். போர்க்காலத்தில் அதை இரவும் பகலும் ஷிப்டு முறையில் இயக்கியவர்கள், கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்கள். பிளெட்ச்லி பார்க்கில் வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பெண்களே. ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டவர்கள் அவர்கள். 1974இல் விஷயம் நூலாக வெளிவரும்வரை பலர் பெற்றோரிடமும் கணவரிடமும்கூடச் சொல்லவில்லை.

போர் நடக்கும்போது அந்த மௌனம் தேவைப்பட்டது, மறுக்கவில்லை. போர் முடிந்த பிறகும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது யாருக்குப் பயன்பட்டது? தாமதமாக வரும் மரியாதை இழந்த பேச்சைத் திருப்பித் தருமா?

இதைக் கேட்கும்போது எனக்குக் கருணாபுரம் நினைவுக்கு வருகிறது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சிப் பகுதியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கணவனை இழந்த பெண்களின் அழுகை படமாக அச்சேறியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. இரண்டு இடத்துப் பெண்களின் நிலையும் ஒன்றல்ல. அங்கே சட்டம் வாயைக் கட்டியது. இங்கே வாயை யாரும் கட்டவில்லை. சாவு விழுந்த பிறகுதான் நாம் காது கொடுத்தோம்.

பெண்ணுக்கு மரியாதை செய்ய நினைப்பவர்கள் முதலில் அவள் சொல்வதைக் கேட்க வேண்டும், அதுவும் காலத்தில் கேட்க வேண்டும். உறை அச்சடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.