தோகை இல்லாத மயில்

தம்பி, தங்கைகளே, சன்னிதியில முருகனோட மயில் எப்பவும் தோகையோடதான் நிக்கும். மலையில அப்படியில்ல. மழைக்காலம் முடிஞ்சதும் ஆண்மயிலுக்கு ஒன்றரை மீட்டர் வரை நீண்ட தோகை மொத்தமும் உதிர்ந்துடும். மறுபடி முளைக்க மாசக்கணக்காகும். சிறகிலுள்ள இறகுகள் மட்டும் ஒண்ணொண்ணா மாறும், அதனால பறக்க முடியுது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடியில ஆடுறதும் பீலிதானே! அதன் நீலம் சாயமில்லை. நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டு வர்ற நிறம். அதான் உதிர்ந்த பிறகும் மின்னுது.

தோகையில்லாத மாசங்கள்லயும் முருகனுக்கு வாகனம் அந்த மயில்தான். மார்க் குறைஞ்சிருச்சு, வேலை கிடைக்கலைன்னு கோயிலுக்கு வரக் கூச்சப்படுற நண்பனை இந்த வெள்ளிக்கிழமை கூட்டிக்கிட்டு வாங்க.